வெள்ளை ஒன்று, நீலம் பத்து

எங்கள் வீட்டில் தண்ணீர் பாட்டில் மூடியைக் குப்பையில் போட யாருக்கும் உரிமை கிடையாது. அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுகிறான். வேலை முடிந்து வண்டியைப் பணிமனையில் விட்டதும் மற்ற ஓட்டுநர்கள் டீ குடிக்கப் போவார்கள். இவன் இருக்கைகளுக்கு அடியில் குனிந்து மூடி பொறுக்குவான். அதிலும் வெள்ளையும் நீலமும்தான் செல்லும். ஒருநாள் தெரியாமல் பச்சை மூடிகளை அள்ளிக்கொண்டு வந்து வாங்கிக் கட்டிக்கொண்டான். "டிப்போவுல எனக்கு என்ன பேர் வெச்சிருக்காங்க தெரியுமா?" என்று என்னிடம் முறையிட்டான். தெரியும். இருந்தாலும் தெரியாததுபோல் கேட்டுக்கொண்டேன்.

எல்லாம் அண்ணிக்காக. அண்ணி ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவள் நாத்தனாரான நான் அதே பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர். இரண்டு வகுப்புக்கும் நடுவில் இருப்பது சுவர் இல்லை, பிளைவுட் தட்டி. அந்தப் பக்கம் ஒரு பிள்ளை தும்மினால் இந்தப் பக்கம் என் பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் சாக்பீஸும் கரும்பலகையும் போதும் என்கிற கட்சி. அண்ணி வகுப்பில் கரும்பலகை இருப்பதே அவளுக்கு நினைவிருக்காது. தகர டப்பா, பிளாஸ்டிக் டப்பா, ஷூ வந்த அட்டை டப்பா என்று அறை முழுக்க டப்பாக்கள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் டப்பா டீச்சர். அந்தப் பெயரைக் கேட்டு அவள் சந்தோஷப்பட்டாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சட்டை மாட்டும் ஹாங்கரின் இரண்டு முனையிலும் ஒரே அளவு டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டால் அதுதான் தராசு. ஜன்னல் ஓரத்தில் ஈரப் பஞ்சில் பயறு முளைத்துக்கொண்டிருக்கும். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர்; எது மிதக்கும், எது முழுகும் என்று பிள்ளைகள் முதலில் சொல்ல வேண்டும், பிறகு போட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஆராய்ச்சியில் ஒருமுறை தலைமையாசிரியையின் சாவிக்கொத்தும் கலந்துகொண்டது. மேசைமேல் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்த்தால் சாவி தொட்டிக்குள். "முழுகும்னுதான் மேடம் சொன்னோம், சரியாப் போச்சு" என்று ஒரு பையன் அவரிடமே பெருமையாகச் சொன்னான்.

அண்ணி சின்ன வயதில் மூன்றாம் வகுப்பை இரண்டு முறை படித்தவள். அதை மறைக்கவே மாட்டாள். "ஒரு தடவை பத்தாதுன்னு ரெண்டு தடவை உக்கார வெச்சாங்க. அப்பவும் பத்தல போல, இப்ப டீச்சராவே அனுப்பிட்டாங்க" என்று கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னாலேயே சொல்லிச் சிரித்தாள். ஆனால் அந்த இரண்டாவது வருஷத்தைப் பற்றித் தனியாகப் பேசும்போது சிரிப்பு வராது. முப்பத்தைந்தில் இருக்கும் மூன்று ஏன் முப்பது என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்டாள். அந்த டீச்சர், "அப்படித்தான், எழுது" என்றாராம். இவளும் எழுதினாள். எழுதி எழுதி, புரியாமலேயே தேறினாள்.

அதனாலேயே பத்துகளும் ஒன்றுகளும் பாடம் வந்தால் அண்ணிக்குப் பசி தூக்கம் இருக்காது. முன்பெல்லாம் ஐஸ் குச்சிகளை வைத்துச் சொல்லித்தருவாள். பத்துக் குச்சி சேர்ந்தால் ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டு. மூன்று கட்டு, ஐந்து தனிக் குச்சி, முப்பத்தைந்து. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் ரப்பர் பேண்டைக் கொடுத்தால் அது கட்டுவதற்கு மட்டுமா பயன்படும்? போன வருஷம் ஒருநாள் பறந்துவந்த ஒன்று தலைமையாசிரியையின் மூக்குக் கண்ணாடியில் பட்டு நின்றது. அன்றோடு பள்ளிக்கூடத்தில் ரப்பர் பேண்டுக்குத் தடை.

அண்ணி அசரவில்லை. குச்சியை விட்டுவிட்டு மூடிக்கு மாறினாள். வெள்ளை மூடி ஒன்று. நீல மூடி பத்து. வகுப்பு மூலையில் ஒரு பிள்ளை டப்பாவோடு உட்கார்ந்திருக்கும், அதுதான் பேங்க். பத்து வெள்ளை கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு நீலம் தரும். கட்ட வேண்டாம், அவிழ்க்க வேண்டாம், சத்தமில்லை, சண்டையில்லை. பிள்ளைகள் மின்னல் வேகத்தில் போட்டார்கள். 'ஐம்பத்தாறு' என்று சொல்லி வாயை மூடுவதற்குள் ஐந்து நீலமும் ஆறு வெள்ளையும் மேசைமேல் இருக்கும். தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. தலைமையாசிரியைகூட ஒருமுறை நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் அதுதான் பாராட்டு.

இதில் பட்டாணி மட்டும் சேரவில்லை. உருவத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. இரட்டைப் பின்னல், அதில் வெள்ளை ரிப்பன். ஒரு கேள்வி கேட்டால் அவள் பதில் சொல்வதற்குள் மற்றவர்கள் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார்கள். எண்ணிக்கொண்டே போவாள், நடுவில் எங்கேயோ நின்றுவிடுவாள், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள். எழுத்துத் தேர்வில் வெறும் தாளை மடித்துக் கொடுத்தாள். அதுவும் ஒழுங்காக, ஓரம் ஓரத்தோடு சேரும்படி மடித்து.

தலைமையாசிரியை கல்வி அலுவலகத்துக்கு எழுதிவிட்டார். அங்கிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருவார், பட்டாணியைச் சோதிப்பார். தேறாவிட்டால் ஊரின் மறுகோடியில், மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கென்று இருக்கும் தனிப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே அடிக்க மாட்டார்கள், திட்ட மாட்டார்கள், சாப்பாடும் கொடுப்பார்கள். ஆனால் எங்கள் பள்ளியிலிருந்து அங்கே போன எந்தப் பிள்ளையும் திரும்பி வந்ததில்லை. அங்கே கூடை பின்னவும் பெட்டி ஒட்டவும் சொல்லித்தருவார்கள், புத்தகத்தை எடுக்க மாட்டார்கள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், பேசிக்கொள்ள மாட்டோம்.

பட்டாணியின் அம்மா ஒரு சலவை நிலையத்தில் வேலை பார்ப்பவள். சேதி கேட்டதும் வேலை உடுப்போடு வந்து வகுப்பு வாசலில் நின்றாள்.

"டீச்சர், அங்க போனா திரும்பி வருவாளா?"

"எங்கேயும் போக மாட்டா. என் கிளாஸ்லதான் இருப்பா. நான் பாத்துக்கறேன்" என்றாள் அண்ணி.

அந்தம்மா போனதும் நான் அண்ணியைப் பிடித்துக்கொண்டேன். "எந்த தைரியத்துல அண்ணி வாக்குக் கொடுக்கறீங்க? நாளைக்கு அவ ஃபெயிலானா அந்தம்மா மூஞ்சில எப்படி முழிப்பீங்க?"

"மூடி வெச்சா போட்டுடுவா. மெதுவாப் போடுவா, ஆனா சரியாப் போடுவா. நான் தனியா உக்கார வெச்சுப் பாத்துட்டேன்."

உண்மைதான். மதிய இடைவேளைகளில் அண்ணி அவளைத் தனியாக உட்கார வைத்துப் பழக்கியிருந்தாள். நானும் தட்டி இடுக்கு வழியாகப் பார்த்தேன். பட்டாணி நீலம் மூன்று வைப்பாள், யோசிப்பாள், வெள்ளை ஐந்து வைப்பாள், நிமிர்ந்து பார்ப்பாள். சரியாக இருக்கும். அண்ணியின் முகத்தில் அப்போது வரும் சிரிப்பைப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வந்துவிடும்.

சொன்ன நாளில் மதிப்பீட்டாளர் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. நடுத்தர வயது, மெல்லிய குரல். பட்டாணிக்கு நாற்காலி உயரமாக இருக்கிறதென்று தானே போய்க் குட்டி நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்தார். கெட்டவராக இருந்திருந்தால் திட்டவாவது செய்திருக்கலாம். இரண்டு வகுப்புக்கும் பின்னால் அண்ணி தன் டப்பாக்களை அடுக்கியிருக்கும் சின்ன அறையில்தான் சோதனை. வகுப்பு டீச்சர் வாசலில் நிற்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. சாட்சிக்கு வேறொரு டீச்சர் உள்ளே இருக்க வேண்டும் என்பது விதி, அதற்கு நான். மூலையில் தலைமையாசிரியை. அந்த அறையின்மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். இந்தச் சாமான்களையெல்லாம் கழித்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைக்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

படம் பார்த்துச் சொல்வது, வடிவங்களைச் சேர்ப்பது என்று முதலில் சில கேள்விகள். பாதி சரி, பாதி தவறு. "எண் பகுதிதான் முடிவு பண்ணும்" என்று மதிப்பீட்டாளர் தலைமையாசிரியையிடம் சொன்னது எனக்குக் கேட்டது. தன் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே வட்ட வட்டமாகப் பிளாஸ்டிக் வில்லைகள், எல்லாம் ஒரே அளவு. பாதி வெள்ளை, பாதி நீலம். வாசலில் அண்ணி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நம் மூடி மாதிரியே இருக்கிறதே என்று எனக்கும் உயிர் வந்தது.

"இங்க பாரும்மா. இந்த நீலம் ஒண்ணு. இந்த வெள்ளை பத்து. புரியுதா?"

பட்டாணி தலையாட்டினாள். அவள் எதற்கும் தலையாட்டுவாள். திரும்பி அண்ணியைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை.

"முப்பத்தஞ்சு வை பாப்போம்."

பட்டாணி யோசித்தாள். மூன்று நீலத்தை எடுத்து வைத்தாள். பிறகு ஒவ்வொன்றாக ஐந்து வெள்ளை. நிமிர்ந்து, மதிப்பீட்டாளரைப் பார்க்காமல், வாசலில் நின்ற அண்ணியைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஐம்பத்திமூணு வெச்சிருக்கா" என்றார் அவர் மெல்ல. இன்னும் இரண்டு எண் கேட்டார். இரண்டும் அப்படியே தலைகீழ். பேனாவைத் திறந்தார்.

"சார், ஒரு நிமிஷம்" என்று அண்ணி உள்ளே வந்துவிட்டாள்.

"டீச்சர், நீங்க பேசக் கூடாது" என்றார் தலைமையாசிரியை.

"பேசாம இருக்க முடியாது மேடம். சார், அவ தப்புப் பண்ணல. என் கிளாஸ்ல வெள்ளைதான் ஒண்ணு, நீலம்தான் பத்து. உங்க பெட்டியில மாறியிருக்கு."

மதிப்பீட்டாளர் பேனாவை மூடவில்லை. "அதுக்குத்தானேம்மா முதல்லயே சொன்னேன், நீலம் ஒண்ணுன்னு. எண் புரிஞ்ச பிள்ளையா இருந்தா நிறம் மாறினா என்ன? மாத்திக்கும். இவளால முடியலயே."

அவர் சொன்னது நியாயம். அண்ணி அப்படியே நின்றாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று எனக்கு அப்போது தெரியாது, ஆனால் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். ஏதோ ஒன்று பிடிபட்டுவிட்டது, அது பிடிபட்டிருக்க வேண்டாம் என்றும் தோன்றிவிட்டது. அந்த மாதிரி முகம்.

"இவளால மட்டும் இல்ல சார்" என்றாள். "என் கிளாஸ்ல யாராலயும் முடியாது. கூப்பிட்டுப் பாருங்க."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணி, வேணாம். என்ன பேசறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?" என்று காதோடு சொன்னேன். மூலையில் தலைமையாசிரியை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வகுப்பு முழுக்கத் தவறினால் அது யார் தவறு? இந்த டப்பாக்களின் தவறு, இந்த டீச்சரின் தவறு. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாள் இவள். அண்ணி என் கையை விலக்கினாள்.

"நல்லாப் படிக்கிற பிள்ளையாவே முதல்ல கூப்பிடறேன் சார்."

முதல் பெஞ்சின் ஜட்ஜம்மா வந்தாள். வகுப்பில் எந்தச் சண்டைக்கும் அவள்தான் தீர்ப்புச் சொல்வாள், அதனால் அந்தப் பெயர். கணக்கில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் மட்டும் சரியாக வைத்துவிட்டால் பட்டாணியின் கதை அத்தோடு முடிந்தது. ஒரு டீச்சர் தன் முதல் மாணவி தவற வேண்டுமென்று வேண்டிக்கொண்டு நின்றதை அன்றுதான் பார்த்தேன். நானும் வேண்டிக்கொண்டேன்.

"நீலம் ஒண்ணு, வெள்ளை பத்து. முப்பத்தஞ்சு வை" என்றார் மதிப்பீட்டாளர்.

ஜட்ஜம்மா வில்லைகளைப் பார்த்தாள். "நீலமா சார் ஒண்ணு?" என்று கேட்டாள்.

"ஆமா."

அவள் கை வெள்ளைப் பக்கம் போனது. பிறகு கை நின்றது. பாவம் இந்த ஆளுக்குத் தெரியவில்லை என்பதுபோல் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூன்று நீலமும் ஐந்து வெள்ளையும் சடசடவென்று வைத்தாள்.

"சார், நீங்க மாத்திச் சொல்லிட்டீங்க. நீலம்தான் பத்து" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுக் கைகட்டி நின்றாள்.

மதிப்பீட்டாளர் முதன்முறையாகப் பேனாவைக் கீழே வைத்தார். அடுத்து வந்தவன் சரியாக வைத்துவிட்டான். அண்ணி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். அதற்கடுத்தவன் தவறு. அடுத்தவள் தவறு. அதற்குப் பிறகு ஒருத்தி பாதி சரியாக வைத்து, கலைத்து, பழையபடி வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். பத்து என்றால் என்ன என்று மதிப்பீட்டாளர் ஒரு பையனைக் கேட்டார். "நீலம்" என்றான் அவன், கொஞ்சமும் யோசிக்காமல்.

அந்த ஒரு வார்த்தை அண்ணியை என்ன செய்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

"அப்ப இந்த மூடி வித்தையால என்ன பிரயோஜனம் டீச்சர்?" தலைமையாசிரியை எழுந்துவிட்டார். "இத்தனை நாளா இதைத்தான் கத்துக்கொடுத்தீங்களா? நிறத்தை?"

"ஆமா மேடம்" என்றாள் அண்ணி. "நிறத்தைத்தான் கத்துக்கொடுத்திருக்கேன். இப்பத்தான் தெரியுது. நீங்க என்ன நடவடிக்கை வேணா எடுங்க. ஆனா அதுக்கு இந்தப் பிள்ளையை அனுப்பாதீங்க."

பட்டாணி குட்டி நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது அவளுக்குப் புரியாமல் இருக்குமா? ரிப்பன் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

மதிப்பீட்டாளர் வில்லைகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டார். கடைசியில், "மத்தப் பிள்ளைங்க எப்படியோ, இவளுக்குப் புரிஞ்சிருக்குன்னு இன்னும் எனக்குத் தெரியலயேம்மா" என்றார். "புரியலன்னும் தெரியல. வேற சாமான் வெச்சு இன்னொரு தடவை கேக்கறதுக்கு விதியில இடம் இருக்கு. ஆனா நீங்க இங்க இருக்கக் கூடாது. உங்க முகத்தைப் பாத்துப் பாத்துத்தான் வைக்கிறா. உங்க மூடியே கொடுக்கட்டுமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மூடியைக் கொடுத்தால் பட்டாணி கண்ணை மூடிக்கொண்டு தேறிவிடுவாள். நான் அண்ணியை முறைத்தேன், சொல்லுங்கள் என்று.

"மூடி வேணாம் சார்" என்றாள் அண்ணி. "அதுல பாஸானா நிறம்தான் பாஸாகும். அடுத்த வருஷம் மறுபடி எழுதி அனுப்புவாங்க. நிறமே இல்லாததா ஏதாவது கொடுங்க."

எனக்கு வந்த கோபத்தில் அவளைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அந்தத் தாய்க்கு வாக்குக் கொடுத்தது இவள்தானே? கையில் கிடைத்ததை யாராவது தட்டிவிடுவார்களா? அண்ணி பட்டாணியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு வெளியே போனாள். தலைமையாசிரியையையும் வெளியே போகச் சொன்னார் மதிப்பீட்டாளர். சாட்சிக்கு நான் மட்டும். "ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றார் என்னிடம்.

அலமாரி அடியிலிருந்து அவர் இழுத்து எடுத்தது பழைய ஐஸ் குச்சிகள் இருந்த டப்பா. தூசு தட்டி, இரண்டு கையாலும் அள்ளி, தனக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு மேசைமேல் கொட்டினார். இந்த வகுப்புப் பிள்ளைகள் அந்தக் குச்சிகளைத் தொட்டதுகூட இல்லை. கட்டுவது என்று ஒன்று உண்டென்று அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை. அண்ணி அவர்களுக்கு மூடிதான் கொடுத்தாள்.

"இதுல எத்தனை இருக்கு? எண்ணிச் சொல்லு. அவசரமே இல்ல."

பட்டாணி எண்ணத் தொடங்கினாள். ஒவ்வொன்றாக எடுத்து இடது பக்கம் வைத்தாள். உதடு மட்டும் அசைந்தது. இருபதைத் தாண்டியதும் வழக்கம்போல் நின்றாள். எங்கே விட்டோம் என்று தேடினாள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். மறுபடி நின்றாள். மதிப்பீட்டாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பார்த்துக்கொண்டிருக்க அவருக்கும் முடியவில்லை போலும். மூன்றாவது முறை சின்னச் சின்னக் குவியலாக வைத்துப் பார்த்தாள். மேசை கொஞ்சம் சாய்வு. குவியல்கள் சரிந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

அவள் கண் நிறைந்துவிட்டது. கத்தியாவது அழுதாளா, அதுவும் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'கட்டுடி, என் கண்ணே, கட்டு' என்று எனக்குள் ஒரு குரல் கத்தியது. வாயைத் திறந்தால் எல்லாம் கெட்டுவிடும். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பட்டாணி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பின்னலிலிருந்து ஒரு ரிப்பனை உருவினாள். பத்துக் குச்சியை எண்ணினாள், மறுபடியும் எண்ணிச் சரிபார்த்தாள், ரிப்பனால் சுற்றி முடிச்சுப் போட்டு ஓரமாக வைத்தாள். பிறகு இன்னொரு ரிப்பன். இன்னொரு கட்டு. பின்னல் இரண்டும் அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது. ஒதுக்கிவிட்டுக்கொண்டு மேசை மேலேயும் கீழேயும் தேடினாள். குனிந்து ஷூ லேஸைக் கழற்றினாள். மூன்று.

நான்காவது கட்டுக்குப் பத்து எண்ணி வைத்துவிட்டு, இன்னொரு லேஸை இழுத்தாள். அது கடும் முடிச்சு, வரவில்லை. என்னைப் பார்த்தாள். "டீச்சர், உங்க ஹேர்பேண்டு தர்றீங்களா?"

நான் மதிப்பீட்டாளரைப் பார்த்தேன். கொடுத்தால் உதவி செய்ததாகிவிடுமா? அவர் எப்போது திரும்பினார் என்று தெரியவில்லை, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ கேக்கற பொருளைக் கொடுக்கலாம்" என்றார். "யோசனையைத்தான் கொடுக்கக் கூடாது."

கொண்டையை அவிழ்த்துக் கொடுத்தேன். நான்காவது கட்டு தயாரானது. மிச்சம் ஆறு குச்சி. பட்டாணி கட்டுகளைத் தொட்டாள். "பத்து, இருபது, முப்பது, நாப்பது." பிறகு குச்சிகளை. "நாப்பத்தாறு."

எனக்கு விடை தெரியாது. எண்ணியது அவர் மட்டும்தான். அவர் முகத்திலிருந்து ஒன்றையும் படிக்க முடியவில்லை. அந்த நேரம் எனக்கு ஒரு யுகமாக இருந்தது.

"சரி" என்றார். "ஏன் கட்டின?"

பட்டாணி தப்பு செய்துவிட்டோமோ என்று பயந்தாள். "எண்ண எண்ண மறந்துபோகுது சார்" என்றாள். "கட்டிட்டா அதை ஞாபகம் வெச்சுக்க வேணாம்ல?"

பிள்ளை முடியை விரித்துக்கொண்டு இருக்கிறதே, ரிப்பனைத் திருப்பிக் கொடுப்போம் என்று நினைத்தார் போல, ஒரு கட்டை எடுத்து முடிச்சில் நகத்தை வைத்தார். பட்டாணி சட்டென்று அவர் கைமேல் கையை வைத்து அமுக்கினாள்.

"அவுக்காதீங்க சார். அவுத்தா மறுபடியும் ஒண்ணுலேர்ந்து எண்ணணும்."

இத்தனை வருஷம் கரும்பலகையில் பத்துகள், ஒன்றுகள் என்று கோடு போட்டு எழுதியிருக்கிறேன். அதெல்லாம் எதற்காக என்று ஒரு பிள்ளை இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். சாட்சி அழக் கூடாது என்று விதி இருக்கிறதா என்று தெரியவில்லை. அவர் கட்டைப் பத்திரமாக மேசைமேல் வைத்துவிட்டு, "அவங்க டீச்சரைக் கூப்பிடுங்க" என்றார்.

அண்ணி வந்தாள். மேசையைப் பார்த்தாள். ரிப்பன், லேஸ், என் ஹேர்பேண்டு. யாரும் அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இவ இங்கேயே படிக்கட்டும்" என்றார் மதிப்பீட்டாளர். "நேரம் மட்டும் கொஞ்சம் கொடுங்க." பின்னாலேயே வந்து நின்ற தலைமையாசிரியையிடம், "மத்தப் பிள்ளைங்க விஷயத்தையும் நான் எழுதித்தான் ஆகணும், அது வேற" என்றார். தலைமையாசிரியை என்னைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்த்தார். அந்த அறை இனி யாருடையது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

அண்ணிக்கு அது உறைத்ததா என்றே தெரியவில்லை. பட்டாணியின் முன் மண்டியிட்டு, லேஸ் இல்லாத ஷூவை நேராக மாட்டிவிட்டாள். எழுந்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை நான் அவளுக்குச் சொல்லித்தரலடி" என்றாள். "நான் சொல்லித்தந்ததை வெச்சிருந்தா இன்னிக்கு அவ போயிருப்பா."

"அண்ணி, அவ இருக்கா இல்ல, அது போதும்."

"அவ இருக்கா. மத்தவங்க?"

வகுப்புப் பக்கம் சத்தமே இல்லை. டப்பா டீச்சர் வகுப்பு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அண்ணி பட்டாணியின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள், நானும் பின்னாலேயே போனேன். வகுப்பில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. உள்ளே வந்து தவறிவிட்டுப் போனவர்கள் மற்றவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ஜட்ஜம்மா அழுது அழுது மூக்கு சிவந்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தவறியிருக்கிறாள் அல்லவா?

"டீச்சர், நாங்க தப்பாப் போட்டுட்டோமா?" என்று கேட்டாள்.

அண்ணி மேசைமேல் சாய்ந்து நின்றாள். ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்றுதான் நினைத்தேன். அந்த ஐயா பெட்டியில் நிறம் மாறியிருந்தது என்று சொன்னால் பொய்யும் இல்லை. நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"இல்ல" என்றாள் அண்ணி. "நான்தான் உங்களுக்குத் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன்."

வகுப்பு அவளையே பார்த்தது. ஒரு டீச்சர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அந்தப் பிள்ளைகள் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஜட்ஜம்மா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்ப நாளைக்கு சரியாச் சொல்லிக்கொடுங்க டீச்சர்" என்றாள்.

அண்ணி தலையாட்டினாள்.